வங்கியை விட்டு உரிமைப் பணிக்கு: நிதித்துறையினருக்கான முழுமையான வழிகாட்டி

வங்கி, ஆடிட் ஆபீஸ், என்பிஎஃப்சி (வங்கி அல்லாத நிதி நிறுவனம்), இன்சூரன்ஸ் என்று பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர்கள் மனித உரிமைப் பணிக்கு மாற நினைத்ததும், தங்கள் பழைய வேலையை மறைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். “இந்தத் துறையில் அனுபவம் இல்லை, எந்த வேலை கொடுத்தாலும் செய்யத் தயார்” என்று பத்து அமைப்புகளுக்கு மின்னஞ்சல் போகும். ஒன்றுக்கும் பதில் வராது. எந்த வேலையும் செய்யத் தயாராக இருப்பவருக்கு எந்த வேலையைக் கொடுப்பது என்று அமைப்புக்குத் தெரியாது.

உரிமை பறிபோகும் இடங்களைக் கொஞ்சம் கிளறினால் அநேகமாக ஒரு கணக்கு கிடைக்கும். கொடுக்காத கூலி, அடைத்தும் அடையாத முன்பணம், ஒதுக்கியும் செலவழிக்காத அரசு நிதி, பாதியில் நின்றுபோன நிவாரணத் தொகை. வழக்கறிஞர்களும் களப்பணியாளர்களும் உள்ள அமைப்புகளில்கூட இந்தக் கணக்கைப் பிரித்துப் படிக்கும் ஆள் அரிது. ஆகவே பழைய தொழிலை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிப் போவது என்பதுதான் இந்த வழிகாட்டி. தமிழ்நாட்டில் வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. இதில் வரும் மத்தியச் சட்டங்கள் மற்ற மாநிலங்களுக்கும் பொருந்தும்.

படி 1: எந்த வேலைக்குப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

“சமூக நீதிப் பணி” என்று ஒரு வேலை கிடையாது. நிதித்துறையிலிருந்து வருபவருக்கு நான்கைந்து வாசல்கள் உண்டு. எல்லாம் ஒரே உயரத்தில் இல்லை.

சுலபமாகத் திறப்பது அமைப்பின் நிதிப் பிரிவு. நிதி மேலாளர், திட்டக் கணக்காளர், நன்கொடையாளர் அறிக்கை தயாரிப்பவர் என்று எப்போதும் ஆள் தேடுவார்கள். ஆபத்தும் இதில்தான் அதிகம்: உள்ளே நுழைந்து ஐந்து வருடம் கழித்தும் டேலி என்ற கணக்கு மென்பொருளைத் தாண்டாமல் உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. இந்த வாசல் வழியே போவதாக இருந்தால், மாதத்தில் குறைந்தது நான்கு நாள் களத்துக்குப் போவேன் என்பதை வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கொத்தடிமை மற்றும் கூலி வழக்குகள். செங்கல் சூளை, அரிசி ஆலை, கல்குவாரி, மரம் வெட்டும் இடம் என்று முன்பணம் வாங்கி மாட்டிக்கொள்ளும் குடும்பங்களின் வழக்கு, அடிப்படையில் ஒரு கடன் கணக்கு. எப்படி என்று ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கணவன் மனைவி இருவர். முன்பணம் 60,000 ரூபாய். வாரச் செலவுக்கு 1,500. ஆறு மாதம், அதாவது 26 வாரம் வேலை. அந்த வேலைக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி ஆளுக்கு நாளொன்றுக்கு 500 என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கு, மாதம் 26 நாள் வீதம், ஆறு மாதக் கூலி 1,56,000. கையில் கொடுத்தது வாரக்காசு 39,000. முன்பணத்தை முழுக்கக் கூலியாகவே கழித்தாலும் மொத்தம் 99,000. ஆக, குடும்பம் முதலாளிக்கு 60,000 பாக்கி என்று அவர் நோட்டில் இருக்கும்போது, உண்மையில் முதலாளிதான் குடும்பத்துக்கு 57,000 தர வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத்தில் அடங்கும் இந்த அட்டவணையை வருவாய்க் கோட்டாட்சியரின் மேசையில் வைத்தால் விசாரணையின் போக்கே மாறும்.

சட்டமும் இந்தக் கணக்குக்குத் துணை நிற்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி கொத்தடிமைக் கடனே ரத்து. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு 15-ஆம் பிரிவுப்படி கடன் கொடுத்தவர் தலையில்.

நிதித்துறையிலிருந்து வருபவர்கள் இங்கே இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். இருதரப்புக் கணக்கையும் ஒப்பிட வேண்டும் என்ற பழக்கத்தில் முதலாளியிடம் போய் நோட்டைக் கேட்பது ஒன்று. அன்றிரவே அந்தக் குடும்பத்தை வேறு மாவட்டத்துக்கு லாரியில் ஏற்றிவிடுவார்கள். பிறகு மனுவும் இல்லை, மனுதாரரும் இல்லை. மற்றொன்று, மனு முழுக்கக் கூலிக் குறைவையே எழுதுவது. அப்படி எழுதினால் கோப்பு கூலித் தகராறாகித் தொழிலாளர் துறைக்குப் போய்விடும். விடுதலைச் சான்று கிடைக்காது. வெளியே போக விட்டார்களா, வேறு இடத்தில் வேலை தேட முடிந்ததா, உறவினர் சாவுக்குப் போகும்போது யாரைப் பிணையாக விட்டுப் போனார்கள் என்பவை முதலில் வர வேண்டும். கூலிக் கணக்கு அதன் பின்னிணைப்பு. சான்று முக்கியம் என்பதற்குக் காரணம் உண்டு: 2016 மத்தியத் திட்டப்படி மறுவாழ்வு நிதி ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், ஆள்கடத்தல் போன்ற கொடிய நிலைகளில் மூன்று லட்சம்.

மூன்றாவது வாசல் பட்ஜெட் கண்காணிப்பு. எண்களோடு மல்லுக்கட்டப் பிடிக்கும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 20 சதவீதம், பழங்குடியினர் 1.1 சதவீதம். அந்த விகிதத்துக்குக் குறையாமல் நிதி ஒதுக்க வேண்டும் என்பதுதான் இவர்களுக்காக பட்ஜெட்டில் தனியாக வைக்கும் துணைத்திட்டத்தின் கருத்து. அதற்காகத் தமிழ்நாடு 2024-இல் தனிச்சட்டமே கொண்டுவந்தது. ஒதுக்கீடு எங்கே இருக்கிறது என்று தேடுபவர்கள் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் 4-ஆம் எண் மானியக் கோரிக்கையோடு (துறைவாரியாகச் சட்டமன்றத்தில் நிதி கேட்கும் பட்ஜெட் ஆவணம்) நின்றுவிடுகிறார்கள். பணம் எல்லாத் துறைகளிலும் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு துறையின் விரிவான மதிப்பீட்டிலும் சிறுதலைப்பு எண் 789 என்று இருந்தால் அது பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்டம், 796 பழங்குடியினருக்கானது. இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு துறை துறையாகப் போக வேண்டும்.

எடுத்த வரிகளை மூன்று நெடுவரிசையில் போடுங்கள்: வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைக் கணக்கு. உண்மைக் கணக்கு இரண்டு வருடம் பின்தங்கியே அச்சாகும். இந்த வருட மதிப்பீட்டை இரண்டு வருடத்துக்கு முந்தைய செலவோடு ஒப்பிட்டு “நிதி குறைந்தது” என்று அறிக்கை விடுவது இந்தத் துறையின் நிரந்தரத் தவறு. ஒரு முறை அப்படி நடந்தால் அடுத்த பத்து அறிக்கைகளை அதிகாரிகள் படிக்கக்கூட மாட்டார்கள். ஒரே ஆண்டின் மூன்று எண்களை மூன்று ஆண்டுப் புத்தகங்களிலிருந்து எடுத்து ஒரே வரியில் வையுங்கள். பிறகு தலைமைக் கணக்குத் தணிக்கையரின் (சிஏஜி) ஒதுக்கீட்டுக் கணக்கில், மார்ச் கடைசியில் எவ்வளவு சரண்டர் ஆனது, அதாவது செலவழியாமல் திரும்பியது என்று பாருங்கள்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். “ஏன் செலவழிக்கவில்லை” என்று கேட்டால் “விளக்கம் தர வழியில்லை” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். “இன்ன திட்டத்தில், இன்ன ஆண்டில், இன்ன மாவட்டத்தில் பயன்பெற்றவர் பட்டியலின் நகல், நிதி ஒப்படைப்பு ஆணையின் நகல்” என்று ஆவணத்தைக் கேளுங்கள். பட்டியலோடு ஊருக்குப் போய்ப் பெயரை வாசித்தால், ஆடிட்டில் ‘வவுச்சிங்’ (கணக்குப் பதிவை ரசீதோடு ஒப்பிடுவது) என்று செய்தது இதுதான் என்று புரியும். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994-இல் கோட் கிரானாவில் நடத்திய முதல் பொது விசாரணையில் செய்தது இதைத்தான்: வேலைப் பதிவேட்டையும் பில்லையும் ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள், செத்தவர் பெயரிலும் ஊரிலேயே இல்லாதவர் பெயரிலும் கூலி போயிருப்பதை ஊரே சொன்னது. அங்கிருந்துதான் தகவல் உரிமைச் சட்டமும் சமூகத் தணிக்கையும் வளர்ந்தன.

நான்காவது, கடன் கொடுமை. மைக்ரோ பைனான்ஸ் அல்லது வங்கிச் சில்லறைக் கடன் பிரிவிலிருந்து வருபவர்களுக்கு இது சொந்த வீடு மாதிரி. ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி மைக்ரோ பைனான்ஸ் கடன் ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கானது. எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. ஒரு தெருவில் உள்ள பெண்களின் கடன் அட்டைகளை வாங்கி, குடும்பவாரியாகத் தவணையைக் கூட்டி, வருமானத்தோடு ஒப்பிடுங்கள். மீறல் தானாகத் தெரியும். கந்துவட்டிக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமும், மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஒரே எச்சரிக்கை: பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவலை ஒரு வரிகூட எடுத்து வராதீர்கள். வழக்கும் கெடும், நீங்களும் மாட்டுவீர்கள். ஆவணம் கடன் வாங்கியவர் கையிலிருந்து வரட்டும்.

ஐந்தாவது, நிதித்துறையை விடாமலே பாதித் தூரம் வருவது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, முதல் 1,000 பட்டியல் நிறுவனங்களுக்கு 2022-23 முதல் கட்டாயமாக்கிய பிஆர்எஸ்ஆர் (வணிகப் பொறுப்பு மற்றும் நீடித்தன்மை) அறிக்கையில் தொழிலாளர் உரிமை, ஒப்பந்தத் தொழிலாளர், குறைதீர்ப்பு எல்லாம் வருகின்றன. சம்பளம் பெரிதாகக் குறையாது. ஆனால் யாருக்காக வேலை பார்க்கிறோம் என்ற கேள்வி அப்படியே இருக்கும். இதை ஒரு இடைநிலையமாக மட்டும் பாருங்கள்.

படி 2: வேலையை விடுவதற்கு முன் வீட்டுக் கணக்கு

புதிய சம்பளம் பழையதில் பாதி என்று வைத்துத் திட்டமிடுங்கள். தனியார் வங்கியின் நடுநிலைப் பதவியில் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு என்று வையுங்கள். அந்தத் தொகையில் ஆறு மாதம், இப்போதைய வேலையில் இருந்துகொண்டே வாழ்ந்து பாருங்கள். சம்பளம் வந்த அன்றே மீதியை வேறு கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். நான்காவது மாதம் பள்ளிக் கட்டணம் வரும்போது கை வைத்தீர்கள் என்றால் திட்டம் இன்னும் பழுக்கவில்லை. சேரும் இந்தப் பணமே பிறகு உங்கள் கையிருப்பு. பன்னிரண்டு மாதக் குடும்பச் செலவு கையில் இல்லாமல் ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். தொண்டு நிறுவனங்களில் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இரண்டு திட்டங்களுக்கு நடுவே மூன்று மாத இடைவெளி சாதாரணம்.

பொதுத்துறை வங்கியில் இருப்பவர்களுக்குச் சில தனி விஷயங்கள். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் ராஜினாமா செய்தால் முந்தைய பணிக்காலம் முழுதும் கணக்கிலிருந்து போய்விடும். 20 ஆண்டு தகுதிப் பணி முடித்து விருப்ப ஓய்வில் போனால் ஓய்வூதியம் உண்டு. பதினெட்டு, பத்தொன்பது வருடம் முடித்தவர் அவசரப்பட்டு ராஜினாமா செய்தால் வாழ்நாள் ஓய்வூதியத்தையே இழப்பார். 2010 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்கு என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்). அந்தக் கணக்கு எண் கூடவே வரும். ஊழியர் சலுகை வட்டியில் எடுத்த வீட்டுக்கடன் வேலையை விட்ட நாளிலிருந்து பொது வட்டிக்கு மாறும், அல்லது முழுதாகக் கட்டச் சொல்வார்கள். புதிய தவணை எவ்வளவு என்று மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாறியவர்களில் பலரை ஒரே வருடத்தில் திரும்ப இழுத்தது இந்தத் தவணைதான்.

கிராஜுவிட்டிக்கு நிரந்தர ஊழியர் ஐந்து வருடம் முடித்திருக்க வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 60,000, பணிக்காலம் 12 வருடம் என்றால், 60,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 12-ஆல் பெருக்க வரும் தொகை சுமார் 4,15,385. பிஎஃப் பணத்தை எடுக்காதீர்கள். புதிய இடத்துக்கு மாற்றுங்கள். மொத்தப் பணிக்காலம் பத்து வருடம் ஆகியிருந்தால்தான் பிஎஃப் ஓய்வூதியத் தகுதி. இருபது பேருக்குக் குறைந்த அமைப்புகளில் பிஎஃப் இல்லாமலும் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவக் காப்பீட்டை ராஜினாமாவுக்கு முன்பே எடுங்கள். கம்பெனிக் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு போய்விடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரையோ இதய நோயோ இருந்தால் காத்திருப்புக் காலம் ஓடத் தொடங்குவதே முக்கியம். அதனால் ஒரு வருடம் முன்பே தனிப் பாலிசி போடுவது நல்லது.

படி 3: வேலையில் இருந்தபடியே சோதித்துப் பார்ப்பது

ஆறு மாதம் முதல் ஒரு வருடம் இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் நிறுவன நடத்தை விதிகள் வெளிப்பணிக்கு அனுமதி கேட்கச் சொல்கின்றனவா என்று பாருங்கள். பொதுத்துறை வங்கிகளில் கேட்டே ஆக வேண்டும். சம்பளமில்லாத் தன்னார்வப் பணிக்கும் ஒரு கடிதம் கொடுத்து வைப்பது பிற்காலத்துக்குக் காப்பு.

திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுத்து உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாளுக்குப் போய் உட்காருங்கள். காலை ஒன்பதரைக்கே வரிசை நிற்கும். வெளியே மனு எழுதிக் கொடுப்பவர்களிடம் மக்கள் என்ன சொல்கிறார்கள், மனுவில் என்ன எழுதப்படுகிறது, இரண்டுக்கும் நடுவில் எது காணாமல் போகிறது என்று கவனித்தால் போதும். முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டி அரை மணி நேரம் சொல்வது மனுவில் நான்கு வரியாகும். வங்கிக் கணக்கு எண்ணும் பணம் நின்ற மாதமும் விட்டுப்போயிருக்கும். அந்த இரண்டையும் சேர்த்து எழுதிக் கொடுப்பதுதான் உங்கள் முதல் உருப்படியான வேலை.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். அடுத்தது, ஒரு சிறிய சங்கத்துக்கோ கூட்டமைப்புக்கோ வருடாந்திரக் கணக்கை இலவசமாக ஒழுங்குபடுத்திக் கொடுப்பது. துப்புரவுத் தொழிலாளர் சங்கம், வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கம் போன்றவை பை நிறைய ரசீதோடு வருவார்கள். அந்தப் பையிலிருந்தே அமைப்பு எப்படி நடக்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.

இதே காலத்தில் சில சட்டங்களை மூலத்திலேயே படியுங்கள்: அரசியலமைப்பின் 14 முதல் 24 வரையான பிரிவுகள், கொத்தடிமைச் சட்டம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, அதன் 1995 விதிகள், மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1993. கடைசியில் சொன்னதில் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள்: சம்பவம் நடந்து ஒரு வருடம் கடந்தால் மனித உரிமை ஆணையம் விசாரிக்க முடியாது. வன்கொடுமை விதிகளின் இணைப்பில் ஒவ்வொரு குற்றத்துக்கும் நிவாரணத் தொகை பட்டியலாக இருக்கிறது. 2016 திருத்தப்படி 85,000 ரூபாயிலிருந்து 8.25 லட்சம் வரை. முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு என்று தவணையாக வர வேண்டிய பணம் முதல் தவணையோடு நின்றுபோவது வாடிக்கை. வழக்கு எண், பிரிவு, எந்தக் கட்டம், வர வேண்டியது, வந்தது, வந்த தேதி என்று ஆறு நெடுவரிசையில் ஒரு எக்செல் தாள் போட்டு ஒரு மாவட்டத்து வழக்குகளைத் தொடர்பவர் எந்த அமைப்புக்கும் பொக்கிஷம்.

பட்டம் வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் தொலைநிலை மனித உரிமைச் சட்டப் பட்டயம் போன்றவை வேலையை விடாமல் படிக்கத் தக்கவை. சமூகப் பணி முதுகலை முழுநேரம் இரண்டு வருடம்; முப்பத்தைந்து வயதுக்கு மேல் அதற்குச் செலவழிக்கும் காலமும் பணமும் களத்தில் இருந்தால் கூடுதலாகக் கற்றுத்தரும். மூன்று வருடச் சட்டப் படிப்பு வேறு விஷயம். நீதிமன்றத்தில் நிற்க ஆசையிருந்தால் அதைத் தவிர வழியில்லை. ஆனால் பதிவு செய்த வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்க முடியாது என்பதால் வருமானக் கணக்கை வேறு மாதிரிப் போட வேண்டும்.

படி 4: அமைப்பைத் தணிக்கை செய்யுங்கள்

இதில் உங்களுக்கு நிகர் யாரும் இல்லை. நேர்காணலுக்குப் போகும் முன் மூன்று வருடத் தணிக்கை அறிக்கையை வாங்கிப் படியுங்கள். வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்பு என்றால் எஃப்சி-4 ஆண்டறிக்கையையும் கேளுங்கள். பார்க்க வேண்டியவை: ஒரே நன்கொடையாளரிடமிருந்து வருமானத்தில் எத்தனை பங்கு, செலவழியாத மானியம் வங்கியில் உண்மையில் இருக்கிறதா, அறங்காவலரிடம் கடன் வாங்கி ஓட்டுகிறார்களா, நிர்வாகக் குழுவில் ஒரே குடும்பத்தவர் எத்தனை பேர், பிஎஃப் பாக்கி இருக்கிறதா. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை விசாரணைக்கான உள்ளகக் குழு உண்டா என்று கேளுங்கள். உரிமை பேசும் இடங்களில் இல்லாமல் இருப்பதும் உண்டு.

வெளிநாட்டு நிதிச் சட்டத்தை, அதாவது எஃப்சிஆர்ஏவைப் புரிந்துகொள்ளாமல் இந்தத் துறையில் சம்பளம் ஏன் இப்படி இருக்கிறது என்று விளங்காது. 2020 திருத்தம் மூன்று காரியம் செய்தது. பணம் முதலில் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். ஓர் அமைப்பு வாங்கியதை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது. பெரிய அமைப்புகள் வழியாகப் பணம் பெற்ற சின்ன அமைப்புகள் இதில்தான் படுத்தன. நிர்வாகச் செலவு உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. கணக்குப் பிரிவின் சம்பளம் அந்த 20-க்குள் வருகிறது. ஆகவே நீங்கள் கேட்கும் தொகைக்கு இயக்குநர் தயங்கினால் அது கஞ்சத்தனம் என்று எண்ண வேண்டாம்; கணக்கு ஆய்வு, கூலிக் கணக்கீடு, தரவுச் சேகரிப்பு என்று உங்கள் நேரத்தில் எவ்வளவு திட்டப்பணி என்று பிரித்துக் காட்டிப் பேசுங்கள்.

எஃப்சிஆர்ஏ பதிவு ஐந்து வருடத்துக்குத்தான். புதுப்பிக்காவிட்டால் பணம் நிற்கும், சம்பளமும் நிற்கும். இன்னும் கடுமையாகவும் நடக்கும்: அம்னெஸ்டி இந்தியா என்ற மனித உரிமை அமைப்பு 2020 செப்டம்பரில் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதால் பணிகளை நிறுத்தியது. உங்களைச் சேர்க்கும் அமைப்பின் பதிவு எந்த மாதம் முடிகிறது என்று கேட்பது நாகரிகக் குறைவு இல்லை. அதேபோல, சேர்ந்த ஆறு மாதத்தில் “நிர்வாகக் குழுவில் உங்கள் பெயரையும் போடலாமா” என்று அன்போடு கேட்பார்கள். முக்கியப் பொறுப்பாளராகப் பெயர் சேர்ந்தால் சட்டப் பொறுப்பும் சேரும். இரண்டு வருடக் கணக்கை உள்ளிருந்து பார்க்கும்வரை மறுத்துவிடுங்கள்.

சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பணத்தை நம்பலாமா? கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவுப்படி மூன்று வருடச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம் செலவழிக்க வேண்டிய நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் பள்ளிக் கழிப்பறைக்குத் தருவார்கள். வன்கொடுமை வழக்கு நடத்தத் தர மாட்டார்கள்.

படி 5: தற்குறிப்பும் நேர்காணலும்

“போர்ட்ஃபோலியோ 200 கோடி, வளர்ச்சி 18 சதவீதம்” என்ற வரிகளை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் என்ன கண்டுபிடித்தீர்கள், எந்த ஆவணத்தைப் படிக்கத் தெரியும், யாருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். போலி ஆவணக் கடனைப் பிடித்தவர், வாராக்கடன் கோப்பைக் கோர்ட் வரை கொண்டுபோனவர், கிராமக் கிளையில் மூன்று வருடம் இருந்தவர் என்பவை இங்கே மதிப்புள்ளவை. குறைதீர் நாள் வேலை, சங்கக் கணக்கு, நிவாரணத் தாள் ஆகியவற்றை முதல் பக்கத்திலேயே போடுங்கள். டெவ்நெட் ஜாப்ஸ் போன்ற தளங்களில் விளம்பரம் வரும். சின்ன அமைப்புகள் விளம்பரமே செய்யாது. பழக்கத்தில்தான் அழைப்பு வரும்.

“ஏன் வருகிறீர்கள்” என்று கட்டாயம் கேட்பார்கள். மன நிறைவு, திருப்பிக் கொடுத்தல் என்று பேசினால் எதிரில் இருப்பவர் முகம் மாறும். இருபது வருடம் இதே வேலையில், பாதிக்கப்பட்ட சமூகத்திலிருந்தே வந்தவராக அவர் இருக்கலாம். எந்த வேலையை எப்படிச் செய்வீர்கள் என்று சொல்லுங்கள், போதும்.

படி 6: முதல் மூன்று மாதம்

நிதிப் பிரிவில் சேர்ந்தால், முதல் வாரத்தில் நிதிவாரியாகக் கணக்கு பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு நன்கொடைக்கும் தனிக் காஸ்ட் சென்டர் (செலவைத் தனியாகப் பதியும் கணக்குத் தலைப்பு) வேண்டும். வெளிநாட்டு நிதியும் உள்நாட்டு நிதியும் ஒரு ரூபாய்கூடக் கலக்கக் கூடாது. நடைமுறையில் தவறு எங்கே தொடங்கும் என்றால், ஒரு திட்டத்தின் பணம் தாமதமாகும். சம்பளம் போட வேண்டும். “அடுத்த வாரம் திருப்பி வைத்துவிடலாம்” என்று இன்னொரு திட்டத்திலிருந்து கைமாற்று எடுப்பார்கள். ஆண்டு முடிவில் நான்கு கைமாற்று பின்னிக் கிடக்கும். தடுக்க ஒரே வழி, பொது நன்கொடையிலிருந்து இரண்டு மாதச் சம்பளத்துக்குத் தனி இருப்பு கட்டுவது.

ஒருவருக்கு ஒரு நாளில் ரொக்கமாக 10,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது. நாட்காட்டியில் தேதிகளைக் குறியுங்கள்: நன்கொடையாளர் விவர அறிக்கை மே 31, தணிக்கை அறிக்கை செப்டம்பர் கடைசி, வருமானவரிப் படிவம் அக்டோபர் கடைசி, எஃப்சி-4 டிசம்பர் 31. வருமானத்தில் 85 சதவீதம் அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவாக வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். 2025 வருமானவரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்ததால் பிரிவு, படிவ எண்கள் மாறியிருக்கின்றன. பேச்சில் இன்னும் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிக்கழிவு) தான்.

மோதல் வவுச்சரில்தான் வெடிக்கும். இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண்ணைக் குழந்தையோடு ஷேர் ஆட்டோவில் கூட்டிவந்த களப்பணியாளரிடம் பில் கேட்டால் என்ன ஆகும்? வங்கிப் பழக்கத்தில் ‘அனுமதி இல்லை’ என்று எழுதினால் அடுத்த முறை அவர் தன் கைக்காசைப் போடுவார், உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார். தேதி, எங்கிருந்து எங்கே, தொகை, காரணம், கையொப்பம் என்று ஐந்து வரியில் சுயஅறிவிப்பு வவுச்சர் ஒன்றை அச்சடித்து, அதற்கொரு உச்சவரம்பும் நிர்வாகக் குழுத் தீர்மானமும் வாங்கிவிடுங்கள். காரணத்தில் பாதிக்கப்பட்டவர் பெயர் வரக் கூடாது. வழக்குக் குறியீட்டு எண் போதும். தணிக்கைக்குப் போகும் கோப்பை எத்தனை பேர் புரட்டுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பாலியல் வன்முறை வழக்கில் பெயரை வெளியிடுவது குற்றமும்கூட.

களத்தில் இன்னும் சில. முதல் மூன்று மாதம் நீங்கள் தனியாகப் போக வேண்டாம். அந்த ஊர்க்காரப் பணியாளரோடு போங்கள், அவர் பேசட்டும். நோட்டைத் திறந்து எண் கேட்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதக் கூலி எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கையில் எவ்வளவு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டால் கணக்கு தானாக வரும். சாதி கேட்காமல் வேலை நடக்காது, கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. அதையும் அந்தப் பணியாளரிடமே கற்றுக்கொள்ளுங்கள். வாக்குறுதி மட்டும் கொடுக்காதீர்கள். “பணம் வந்துவிடும்” என்று ஆறுதலாகச் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி ஒரு குடும்பம் புதுக் கடன் வாங்கிவிடும்.

படி 7: திரும்பும் வழியை மூடாதீர்கள்

சிஏ உறுப்பினர் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டுங்கள். தவறினால் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும். தொடர்கல்வி மணிநேரத்தையும் விடாதீர்கள். பங்குச் சந்தைத் துறைக்கான என்ஐஎஸ்எம் தேர்வுச் சான்றுகள் மூன்று வருடத்தில் காலாவதி ஆகும். காலாவதிக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். பழைய மேலாளரோடு வருடத்துக்கு ஒரு முறையாவது பேசுங்கள். வேலை நீக்கத்துக்கு ஆளான தொழிலாளர்களின் செட்டில்மென்ட் கணக்கைச் சரிபார்க்க, ஒரு கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பில் மறைந்திருக்கும் பிஎஃப் பாக்கியைத் தோண்ட, அந்தத் தொடர்புகளே உதவும். இரண்டாவது வருட முடிவில், கையிருப்பு எவ்வளவு குறைந்தது, களத்தில் எத்தனை நாள் இருந்தேன், எந்த வழக்கில் என் கணக்கு பயன்பட்டது என்ற மூன்றையும் எழுதிப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால் அமைப்பை மாற்றுங்கள். துறையை மாற்ற அவசரப்பட வேண்டாம்.